காற்றின் சூட்டுக்கு ஓடை எப்படி ஆடுகிறது? கோடையில் அளந்து கணக்கிட முழுமையான வழிகாட்டி

மார்ச் முதல் மே வரை நம் மலையோடைகளில் நீர் ஒடுங்கிக் கிடக்கும், வெயிலோ உச்சத்தில் இருக்கும். மீன், தலைப்பிரட்டை, கல்லுக்கடியில் வாழும் நீர்ப்பூச்சி எல்லாம் தாக்குப்பிடிக்குமா என்பதை அந்த மூன்று மாத நீரின் வெப்பநிலையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. காற்று சூடானால் தண்ணீரும் சூடாகும் என்பது தெரிந்ததுதான். ஒரு டிகிரிக்கு எவ்வளவு, எந்த ஓடை தாங்கும், எது தாங்காது என்பதெல்லாம் அளந்தால்தான் தெரியும். காற்றுக்கு ஒரு லாகர் (வெப்பநிலையைத் தானாகவே பதிவுசெய்யும் சிறு கருவி), நீருக்கு ஒரு லாகர், ஒரு முழுக் கோடை, ஒரு விரிதாள் இருந்தால் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடலாம். இங்குள்ள எல்லா வெப்பநிலையும் செல்சியஸில்.

அளக்கும் முன்: சூடு எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் லாகரை ஓடையில் போடுவதில் பயனில்லை. காற்றின் வெப்பநிலையும் நீரின் வெப்பநிலையும் ஒன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்ததும், காற்றுதான் நீரைச் சுடவைக்கிறது என்று தோன்றும். உண்மையில் இரண்டையும் சுடவைப்பது வெயில்.

கணக்குப் போட்டால் தெளிவாகும். திறந்த வெளியில் நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பு சுமார் 800 வாட் வெயிலை உள்வாங்குகிறது என்று வைப்போம். நீர் 30 செ.மீ. ஆழம். அந்தச் சூடு முழுவதும் நீரிலேயே தங்கினால் மணிக்கு ஏறத்தாழ 2.3 டிகிரி ஏறும். இப்போது வெயிலை மறந்துவிட்டு காற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று நீரைவிட 10 டிகிரி சூடாக இருந்து இதமாக வீசினாலும், அது நேரடியாகக் கொடுப்பது சில பத்து வாட்தான். 50 வாட் என்று தாராளமாக வைத்தாலும் மணிக்கு 0.14 டிகிரி. இலைக்கூரை வெயிலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டால், 800 வாட் 80 ஆகிவிடும். நிழலின் மதிப்பு இந்த ஒரு கழித்தலில் இருக்கிறது.

இதற்குக் களச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடலோர மலைகளில் உள்ள அல்சீ நீர்ப்பிடிப்பு ஆய்வில், நீடில் பிராஞ்ச் என்ற சிற்றோடையின் கரைமரங்கள் உட்பட மொத்தக் காடும் 1966இல் வெட்டப்பட்டது. ஆண்டின் உச்ச நீர் வெப்பநிலை 14 டிகிரி அளவிலிருந்து 29 டிகிரிக்கு மேல் தாவியது. அதே வட்டாரத்தில், கரையோர மரங்களை விட்டுவைத்து ஆங்காங்கே மட்டும் வெட்டிய டீர் கிரீக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரு ஓடைகளுக்கும் மேலே இருந்தது ஒரே வானிலைதான்.

அப்படியானால் காற்றை ஏன் அளக்க வேண்டும்? வெயில், ஈரப்பதம், மேகம், காற்றோட்டம் எல்லாவற்றின் கூட்டு விளைவையும் ஒற்றை எண்ணில் சுமந்துவருவது காற்றின் வெப்பநிலை. அளக்க மலிவு, பழைய பதிவுகளும் கிடைக்கும். காரணமாக இல்லாவிட்டாலும் நல்ல அடையாளம். அந்த அடையாளத்துக்கு உங்கள் ஓடை எவ்வளவு இசைகிறது என்பதைத்தான் அளக்கப்போகிறோம்.

மிசிசிப்பி வடிநில ஓடைகளை வைத்து 1993இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், வாரச் சராசரியில் காற்று 1 டிகிரி ஏறும்போது நீர் சுமார் 0.86 டிகிரி ஏறியது. 1998இல் மொஹ்செனி, ஸ்டீஃபன் ஆகியோரின் குழு அமெரிக்காவின் 584 அளவீட்டு நிலையங்களின் வாரத் தரவை எடுத்துப் பார்த்தபோது, இந்த உறவு முழுக்க நேர்கோடு இல்லை, வளைந்த கோடு என்று காட்டியது. காற்று 0 முதல் 20 டிகிரி வரை ஏறத்தாழ நேர்கோடு. 25ஐத் தாண்டினால் நீரின் ஏற்றம் மந்தமாகும். நீர் சூடாக ஆக ஆவியாதல் வேகமெடுத்துச் சூட்டை இழுத்துக்கொண்டு போவது இதற்கு முக்கியக் காரணம். ஒரு நாளில் 1 மி.மீ. நீர் ஆவியானால், நாள் முழுக்கச் சதுர மீட்டருக்கு 28 வாட் வெளியேறுகிறது என்று பொருள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த வளைவு முக்கியம். நம் அடிவார ஓடைகளில் கோடை முழுவதும் காற்று 25க்கு மேல்தான். வளைவின் தட்டையான முனையில் இருக்கும் ஓடையை, நேர்கோட்டுப் பகுதியில் இருக்கும் உதகைப் பக்கத்து ஓடையோடு ஒப்பிட்டு "இது உறுதியான ஓடை" என்று சொல்லிவிடக் கூடாது. அதே உயரத்தில் உள்ள ஓடைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

1. கருவிகள்

நீருக்கு: தண்ணீரில் மூழ்கியே இருக்கக்கூடிய டேட்டா லாகர், துல்லியம் ±0.2 டிகிரி. ஹோபோ, டிட்பிட் வகைகள் இதற்கென்றே செய்யப்பட்டவை. கையில் காசு குறைவு என்றால் டி.எஸ்.18பி20 சென்சாரை ஒரு மைக்ரோ கன்ட்ரோலருடன் இணைக்கலாம். அதன் துல்லியம் ±0.5 டிகிரிதான், ஆனால் கீழே சொல்லும் பனிக்கட்டிச் சோதனையில் பிழையைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் வேலைக்கு ஆகும். அதன் மூடியிட்ட முனை நன்றாக இருக்கும். கேபிள் நுழையும் இடத்தில்தான் நீர் கசியும், அங்கே எபாக்ஸி பூசுங்கள்.

பொத்தான் அளவு ஐபட்டன் லாகரை வாங்குவோர் நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். உயர் துல்லிய நிலையில் சில மாடல்கள் 4,096 பதிவுகளையே வைத்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒன்று வீதம் 90 நாளுக்கு 4,320 தேவை. கோடையின் கடைசி வாரம் போய்விடும்.

காற்றுக்கு: அதே மாடல் இன்னொரு லாகர், வெயில் காப்புக் கூண்டுடன்.

மற்றவை: 2 அங்குல வெள்ளை பி.வி.சி. குழாய் 15 செ.மீ. துண்டு, எஸ்.எஸ். கம்பி அல்லது தடித்த கேபிள் டை, சல்லி நிரப்ப நைலான் பை, கையடக்க வெப்பமானி, அளவுகோல், டேப்.

2. பனிக்கட்டிச் சோதனை

தெர்மோகோல் பெட்டியில் சுத்தமான நீரால் செய்த பனிக்கட்டியைப் பொடியாக உடைத்து நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்குக் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். கூழ் போல இருக்க வேண்டும். பனிக்கட்டி மேலே மிதந்து அடியில் வெறும் நீர் தங்கினால் அடிநீர் 4 டிகிரி வரை இருக்கக்கூடும், சோதனை வீண். எல்லா லாகர்களையும் ஒன்றாக அமிழ்த்தி, அவ்வப்போது கிளறி, ஒரு மணி நேரம் விடுங்கள். கடைசி 20 நிமிட அளவுகளின் சராசரி 0லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அறை வெப்பநிலையில் ஒரு வாளி நீரில் இதையே செய்யுங்கள். இரண்டு வெப்பநிலையிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் கழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கழித்த பிறகும் லாகர்களுக்குள் வேறுபாடு 0.3க்கு மேல் போனால் அந்த லாகரை ஒதுக்குவது நல்லது.

சீசன் முடிந்து எடுத்ததும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. லாகர் காட்டும் அளவு நடுவில் பிசகிப்போனதா என்பதை வேறெப்படியும் கண்டுபிடிக்க முடியாது.

3. ஓடையில் இடம் தேர்வு

காப்புக்காட்டு எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கியாக வேண்டும். அதில் சமரசம் வேண்டாம்.

நீர் கலந்து ஓடும் முதன்மை நீரோட்டத்தைத் தேடுங்கள். தேங்கிய ஓரம், ஆழ்ந்த கசத்தின் அடி, அருவி விழும் இடம், ஊற்று கசியும் கரை ஆகியவை வேண்டாம். கிளை ஓடை சேரும் இடத்துக்குக் கீழே என்றால், ஓடையின் அகலத்தைப் போல் குறைந்தது பத்திருபது மடங்கு தள்ளிப் போங்கள். கையடக்க வெப்பமானியால் குறுக்கே ஐந்து இடங்களில் அளந்து, வேறுபாடு 0.2 டிகிரிக்குள் இருந்தால் அங்கே நீர் நன்கு கலந்திருக்கிறது. இதைப் பிற்பகல் 3 மணி வாக்கில் செய்யுங்கள். காலையில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் காட்டும்.

மே மாதத்திலும் முழங்காலளவாவது நீர் நிற்கும் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடமாகப் பாருங்கள். அவர்கள் சொல்லும் வற்றும் வரிசை பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

4. நீரில் லாகரை நிறுத்துவது

பி.வி.சி. துண்டில் 10 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு போட்டு, லாகரை உள்ளே கேபிள் டையால் கட்டுங்கள். குழாய் நிழலுக்காக. தெளிந்த ஆழமில்லாத நீரில் வெயில் லாகரின் உடலிலேயே விழுந்து, நீரில் இல்லாத சூட்டைக் காட்டும்.

குழாயைப் பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கத்தில் கம்பியால் கட்டுங்கள். பாறை இல்லையென்றால் சல்லி நிரப்பிய நைலான் பை. அடித்தரையிலிருந்து 10 செ.மீ. மேலே இருக்க வேண்டும். மணலில் புதைந்த லாகர் பகல் உச்சத்தைக் குறைத்தும் இரவுத் தாழ்வைக் கூட்டியும் காட்டும். பார்க்க அழகான தரவு, ஆனால் அது மணலின் வெப்பநிலை. சித்திரையில் ஒரு கோடை இடிமழை போதும், ஓடை ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். அதனால் கரைமரத்தோடு இரண்டாவது கம்பி ஒன்று கட்டாயம்.

இடத்தை மூன்று கோணத்தில் படமெடுத்து, நீர் ஆழத்தையும் குறியுங்கள். பளபளக்கும் எதுவும் வெளியே தெரியக் கூடாது, குரங்குகள் விடாது.

5. காற்று லாகர்: அதிகம் பிழை நடக்கும் இடம்

காப்பில்லாத சென்சார் நேர் வெயிலில் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் ஏழெட்டை 1.5 செ.மீ. இடைவெளியில் திருகாணியால் அடுக்கி, நடுவில் லாகரைத் தொங்கவிட்டால் நல்ல கூண்டு கிடைக்கும். காற்று குறுக்கே புகுந்து போக வேண்டும், வெயில் எந்தப் பக்கத்திலிருந்தும் லாகரைத் தொடக் கூடாது.

உயரம் தரையிலிருந்து 2 மீட்டர். ஓடையிலிருந்து 20, 30 மீட்டர் தள்ளி வையுங்கள். நீரோரக் காற்றை நீரே குளிர்விக்கும். அங்கே அளந்தால் நீரை நீரோடு ஒப்பிட்டது போலாகிவிடும்.

வெளிநாட்டுக் கையேடுகள் மரத்தின் வடக்குப் பக்கத்தில் கட்டச் சொல்லும். ஓரிகன் போல 45 டிகிரி அட்சரேகையில் அது சரி. கோயம்புத்தூர் அட்சரேகையில் ஏப்ரல் இருபதை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்டின் பிற்பகுதி வரை நடுப்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். மே மாதத்தில் வடக்குப் பக்கம்தான் வெயில் பக்கம். திசையை நம்பாமல் அடர்ந்த இலைநிழலையும் கூண்டையும் நம்புங்கள்.

சொந்தக் காற்று லாகர் இல்லாமல் தொலைவிலுள்ள வானிலை நிலையத் தரவை எடுத்தால், உயர வேறுபாட்டுக்கு 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்று திருத்துங்கள். நிலையம் சமவெளியில், ஓடை மழைக்காட்டுப் பள்ளத்தில் என்றால் இந்தத் திருத்தமும் போதாது.

6. பதிவு இடைவெளி

அரை மணிக்கு ஒன்று. இரண்டு லாகரும் ஒரே கடிகாரத்தில், மணி அடிக்கும்போதும் அரையிலும் பதிவாகட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்தால் சிற்றோடையின் பிற்பகல் உச்சம் நழுவிவிடும். பிப்ரவரி கடைசியில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழை நிலைகொண்ட பின் எடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பாசியைத் துடைத்து, மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போது கையடக்க வெப்பமானி அளவையும் நேரத்தையும் குறித்துவந்தால் பிறகு ஒப்பிடலாம்.

7. தரவைச் சுத்தம் செய்தல்

காற்று, நீர் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். சராசரி எடுப்பதற்கு முன் கண்ணால் பார்ப்பதே முதல் வேலை.

நீர்க்கோட்டின் தினசரி ஆட்டம் திடீரென விரிந்து காற்றுக்கோட்டின் மேல் படிந்தால், லாகர் நீருக்கு வெளியே வந்துவிட்டது. அந்த நாள்களை நீக்குங்கள். ஆட்டம் திடீரெனச் சுருங்கினால் மணலில் புதைந்திருக்கும். லாகரைக் கையிலெடுத்த நேரங்களையும் நீக்குங்கள். மழை நாள்களை அழிக்க வேண்டாம், குறியிடுங்கள். மழைநீர் ஓடையின் சூட்டைக் காற்றோடு தொடர்பில்லாமல் மாற்றிவிடும்.

8. கணக்கு

ஒவ்வொரு நாளுக்கும் காற்று, நீர் இரண்டின் சராசரி, உச்சம், தாழ்வு. அதன்பின் ஏழு நாள் சராசரிகள்.

மீன் நலனுக்கு உதவும் எண், தினசரி உச்சங்களின் ஏழு நாள் நகரும் சராசரி. ஓரிகன் மாநிலம் சாமன், டிரவுட் மீன்கள் வளரும் ஓடைகளுக்கு இதே அளவில் 18 டிகிரியையும், முதன்மைக் குளிர்நீர் வாழிடங்களுக்கு 16 டிகிரியையும் வரம்பாக வைத்திருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் ஓடைகளில் உள்ள வானவில் டிரவுட்டுக்கு இந்த எண்கள் பொருந்திவரும். நம் நாட்டு மீன்கள் இதைவிடச் சூடு தாங்குபவை. அவற்றுக்கு இதே வரம்பை ஒட்டவைக்காதீர்கள். அவற்றுக்கு ஆக்சிஜனையும் சேர்த்துப் பாருங்கள். கடல்மட்டத்தில் 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்சிஜனைக் கரைத்துவைக்கும், 30 டிகிரி நீர் 7.6 மட்டுமே. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இதில் ஐந்தில் ஒரு பங்கு மேலும் குறையும்.

ஓடையின் இசைவுக்கு உதவும் எண் சரிவு, அதாவது காற்று 1 டிகிரி ஏறும்போது நீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது. எக்செல்லில் நீரின் சராசரியைச் செங்குத்து அச்சிலும் காற்றின் சராசரியைக் கிடை அச்சிலும் வைத்து ஸ்லோப் சூத்திரம் போடுங்கள். மாதிரிக்கு: காற்றின் வாரச் சராசரி 22லிருந்து 26க்குப் போனபோது நீர் 18.2லிருந்து 20.2க்குப் போனால் சரிவு 2 ÷ 4, அதாவது 0.5. உண்மையில் எல்லா நாளையும் சேர்த்துக் கோடு பொருத்த வேண்டும். 60 நாளாவது இருக்கட்டும். கோடையை மட்டும் எடுங்கள். ஆண்டு முழுவதையும் சேர்த்தால் பருவமாற்றமே உறவை இறுக்கிக் காட்டிவிடும்.

தினசரி எண்ணில் உறவு தளர்வாகத் தெரிந்தால், காற்றுப் பத்தியை ஒரு நாள் தள்ளி, இன்றைய நீரை நேற்றைய காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிற்றோடை சில மணி நேரத்தில் காற்றைப் பின்தொடரும். ஆழமான ஆறு சில நாள் பிந்தும்.

ஓர் எச்சரிக்கை. காற்றுத் தரவில் இரைச்சல், அதாவது ஒழுங்கற்ற அளவீட்டுப் பிழை, இருந்தால் சரிவு தானாகவே குறைந்துவிடும். மோசமான கூண்டில் அளந்தவர் தன் ஓடையை ஊற்றோடை என்று தவறாக நம்பிவிட வாய்ப்புண்டு. ஐந்தாம் படியில் இவ்வளவு வலியுறுத்தியது அதனால்தான்.

9. எண்களைப் படிப்பது

சரிவை மட்டும் பார்த்து முடிவுகட்டாமல் தினசரி ஆட்டத்தையும், அதாவது உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டையும், சேர்த்துப் பாருங்கள்.

சரிவு 0.3க்குக் கீழே, ஆட்டமும் சிறிது என்றால் நிலத்தடி நீர் வலுவாக ஊறுகிறது. நிலத்தடி நீர் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். அதனால் கோடையில் குளிர்விக்கிறது. சரிவு குறைவு, ஆட்டம் பெரிது என்றால் மேலே ஊற்று இருக்கிறது, ஆனால் நடுவில் நிழல் போய்விட்டது. பகலில் வெயில் ஏற்றுகிறது, இரவில் ஊற்று இறக்குகிறது. மரம் நடுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஓடை கிடையாது. சரிவு 0.8ஐ நெருங்கி ஆட்டமும் பெரிது என்றால் ஆழமில்லாத, திறந்த, ஊற்று வற்றிய ஓடை. சரிவு அதிகம், ஆட்டம் சிறிது என்றால் ஆழமான ஆறு. காற்றோடு எந்த இசைவும் இல்லாமல் நீர் தன்போக்கில் ஏறி இறங்கினால் மேலே அணையின் மதகு இருக்கிறதா என்று பாருங்கள்.

காரணத்தை உறுதிசெய்ய இன்னொரு லாகரை 300 முதல் 500 மீட்டர் மேலே வையுங்கள். இடையில் ஊற்று சேர்ந்தால் கலவைக் கணக்கு உதவும்: நொடிக்கு 20 லிட்டர் ஓடை 24 டிகிரியில், 5 லிட்டர் ஊற்று 18 டிகிரியில் கலந்தால் கிடைப்பது 22.8 டிகிரி. அளந்தது அதைவிடக் கூடுதல் என்றால் மிச்சம் வெயிலின் பங்கு.

நிழலை ஓடையின் நடுவில் நின்று நேர் மேலே பார்த்து அளக்க வேண்டும். உயர் அட்சரேகைகளில் தென்கரை மரங்கள் ஓடைமேல் நீள நிழல் போடும். நம் ஊரில் உச்சி வெயில் செங்குத்தாக இறங்குவதால், கரையில் மரம் நின்றால் மட்டும் போதாது. கிளைகள் ஓடையின் மேல் கூரையாகக் கூட வேண்டும். அகலம் கூடிய ஓடையில் இது நடக்காது என்பதால், சிறு கிளை ஓடைகளில்தான் நிழலுக்குப் பலன் அதிகம்.

10. இந்தச் சரிவைக் கொண்டு எதைச் சொல்லக் கூடாது

சரிவு 0.4 என்பதால், இன்னும் 30 ஆண்டில் காற்று 2 டிகிரி ஏறினால் நீர் 0.8 மட்டுமே ஏறும் என்று எழுதாதீர்கள். ஒரு கோடையில் நாளுக்கு நாள் காணும் இசைவும், பல்லாண்டு வெப்பமாதலுக்கான இசைவும் வேறு வேறு. இன்று சரிவைத் தாழ்த்தி வைத்திருக்கும் நிலத்தடி நீரும் காலப்போக்கில் சூடாகும், ஆழம் குறைந்தது முதலில். மழை குறைந்தால் ஊற்றே மெலியும். குளிர்நீர் மீன்களுக்குப் பல டிகிரி கூட வேண்டியதில்லை: 2015 கோடையில் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் நீர் வழக்கத்துக்கு முன்பே சூடேறியபோது, ஏறிவந்த சாக்கை சாமன்களில் சுமார் 2,50,000 மாண்டன.

11. அளந்த பிறகு

நிழல் ஒன்று. மற்றொன்று ஓட்டம், நம் மலைகளில் இதற்குத்தான் உடனடிப் பலன் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. அகலம் மாறாமல் ஓடையின் ஆழம் 30 செ.மீ.யிலிருந்து 15 ஆகக் குறைந்தால், முன்பு சொன்ன மணிக்கு 2.3 டிகிரி 4.6 ஆகிவிடும். ஓட்டமும் மெதுவாவதால் நீர் வெயிலில் நிற்கும் நேரமும் கூடும். காய்கறித் தோட்டத்துக்கு ஹோஸ் போட்டு நீரெடுக்கும் இடங்களில் மேலும் கீழும் லாகர் வைத்து, மோட்டார் ஓடும் நாளையும் ஓடாத நாளையும் ஒப்பிட்ட வரைபடத்தை விவசாயிகளிடம் காட்டுங்கள். நீரை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. மாலை 6 மணிக்கு மேல் விடியும்வரை எடுத்துத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு, காலை 10 முதல் மாலை 4 வரை ஓடையை அதன் போக்கில் விடும்படி கேளுங்கள். முதலில் ஊற்றுக்கு மிக அருகில் நீரெடுப்பவர்களிடம் பேசுங்கள்; அங்கே இழக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஓடையின் மிகக் குளிர்ந்த லிட்டர்.